மூச்சுவிட ஒரு குழாய்

என் கணவருக்குச் சொந்தமாக எண்ணெய்க் கிணறு இருந்தது என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே தாலிக்கொடியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று கண்டதும், நான் கதை விடுகிறேன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள் இருந்தது மொன்றியலுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு பழைய ஒற்றைத்தட்டு வீடு. பனி உருகும் காலத்தில் பேஸ்மென்ற் சுவர் வேர்க்கும். நான் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையின் அலுவலகத்தில் வேலை செய்தேன். வீடும் சாப்பாடும் என் சம்பளத்தில் ஓடின. அவருடைய எண்ணெயில் வந்தது அவருடைய எண்ணெய்க்கே சரியாக இருந்தது.

ஊரில் இருந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "என்ன எண்ணெய், நல்லெண்ணெயோ?" என்று கேட்டா. நிலத்துக்குள்ளிருந்து எடுக்கிற எண்ணெய் என்று விளக்கினேன். "அதை அரசாங்கமெல்லோ எடுக்கும்?" என்றா. எனக்கும் அப்படித்தான் ஒரு எண்ணம் இருந்தது. இவரைக் கட்டிய பிறகுதான், பெரிய கம்பனிகள் எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு கைவிட்டுப்போன இடங்களில், மிச்சத்தை வழித்தெடுத்துச் சீவிக்கிற ஒரு சாதியும் உலகத்தில் இருக்கிறது என்று அறிந்தேன். சட்டியில் ஒட்டிய கறியைப் பாணால் துடைத்துச் சாப்பிடுகிற மாதிரித்தான் அந்தத் தொழில். முதலாளியும் அவர்தான், மெக்கானிக்கும் அவர்தான், சேற்றில் இறங்கி நிற்பவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது, எங்கள் ஆட்கள் அவரை விடமாட்டார்கள்.

"ஷேக் வாறார், வழி விடுங்கோ!"

"அண்ணை, பெற்றோல் விலையைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோவன்."

"அடுத்த கிழமை பாப்பம்" என்பார் இவர், வாயெல்லாம் பல்லாக. அந்தப் பகிடி அவருக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருடைய சட்டையில் இருந்து வரும் அழுகிய முட்டை நாற்றத்தை எந்தப் பவுடர் போட்டாலும் போக்க முடியாமல், வெறுங்கையால் உரசித் தோய்ப்பவள் நான்.

இவர் அகதியாக வந்த புதிதில் டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவியிருக்கிறார். யாரோ சொல்லி அல்பேர்ட்டாவுக்குப் போய், எண்ணெய்க் கிணறுகளைத் திருத்தும் ஆட்களோடு சேர்ந்து, குளிரில் விரல் நுனி கறுக்கக் கறுக்க வேலை பழகியிருக்கிறார். என்னை ஸ்பொன்சர் செய்து எடுத்ததும், மகள் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். இடைக்கிடை லீவில் வருவார். பிள்ளை அவரைக் கண்டால் கத்தும். அது அவருக்குத் தாங்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்து, என்னோடு பண்டகசாலையில் பெட்டி ஏற்றிப் பார்த்தார். ஒரு மாரிக்கு மேல் அவரால் முடியவில்லை. மேலே கூரை இருந்தால் அவருக்கு மூச்சு முட்டும்.

பிறகுதான் அந்தக் கிணறுகள் வந்தன. ஒன்ராறியோவின் தெற்கு மூலையில், ஏரிக்குக் கிட்ட, ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன்னுடைய பழைய கிணறுகள் சிலவற்றை விற்கிறார் என்று அல்பேர்ட்டாக் கூட்டாளி ஒருவர் சொன்னார். இவர் ஒருநாள் முழுக்கக் கார் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கண் மினுங்க நின்றார். "இஞ்சாரும், சோளத் தோட்டத்துக்கு நடுவில பம்ப் ஒண்டு கிணத்துத் துலா மாதிரித் தலையாட்டிக்கொண்டு நிக்குது. ஆற்றை சொல்லும் கேக்காமல் தன்ரபாட்டில இறைக்குது" என்றார். அவர் அந்தப் பம்பைக் கடைசிவரை துலா என்றுதான் சொன்னார். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் தன்னுடைய வானை ஓடிக்கொண்டு போய் வருவார். தாங்கி நிரம்பினால் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். பம்ப் உடைந்தால் திருத்துவார். பெரும்பாலும் அது உடைந்துதான் இருந்தது.

முதல் தடவை எடுத்த எண்ணெயை ஒரு ஜாம் போத்தலில் கொண்டுவந்து, மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வெளிச்சத்தில் பிடித்தால் கரும்பச்சையாகத் தெரியும். மாதாவுக்கு முன்னால் இந்த நாற்றத்தை வைக்க வேண்டுமா என்று கேட்டேன். "மாதாவுக்கு எல்லா வாசமும் பழக்கம்" என்றார்.

மகள் வளர்ந்து, அந்தப் போத்தலைப் பார்த்து முகம் சுளிக்கிற வயதுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் பூமி சூடாவதைப் பற்றிப் படிப்பித்தார்கள். அப்பா என்ன வேலை என்று கேட்டால் "சாரதி" என்று சொல்லிவிடுவாள் என்று பிறகு தெரியவந்தது. பிள்ளைகள் எல்லாம் திரண்டு டவுன்டவுன் தெருக்களில் ஊர்வலம் போன ஒரு நாளில் அவளும் போனாள். எண்ணெயை நிலத்துக்குள்ளேயே விடுங்கள் என்று பிரெஞ்சில் பெரிய எழுத்தில் மட்டை எழுதி வைத்திருந்தாள். அவளை மெற்றோ வாசலில் இறக்கிவிட்டவர் இவர்தான். மட்டை மடியாமல் இருக்க வானின் பின்பக்கத்தில் இரும்புக் குழாய்களை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார். இறங்கும்போது தன்னுடைய சுடுதண்ணிப் போத்தலையும் நீட்டினார்.

"பிள்ளை, குளிரும். கொண்டு போ."

அவள் அதை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம், "அவளுக்கு என்ர தொழில் பிடிக்கேல்லை. ஆனால் நல்லா எழுதியிருக்கிறாள்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவருக்காகவா, அவளுக்காகவா என்று இன்றைக்கும் தெரியாது.

கிணறுகள் ஒவ்வொன்றாகச் சளைத்தன. பக்கத்துக் காணியில் எண்ணெய் எடுத்த ஒருவர் நல்லவற்றை வாங்கிக்கொண்டார். யாரும் வாங்காத ஒன்று மிஞ்சியது. அதில் எண்ணெயைவிட உப்புத் தண்ணிதான் கூட வந்தது. கொஞ்ச நாளில் அதுவும் நின்று, துலா தலை குனிந்தபடி துருப்பிடிக்கத் தொடங்கியது. அதே காலத்தில் இவருடைய இருதயமும் இவரை விடத் தொடங்கியது. படியேறினால் நடுவில் நிற்பார். சப்பாத்துக் கயிறு கட்டுகிற சாட்டில் குந்தியிருந்து மூச்சு வாங்குவார். அவருடைய சப்பாத்துக்குக் கயிறே இல்லை.

அப்போதுதான் நான் ஒரு சட்டத்தரணியிடம் போய்க் கேட்டேன். செத்த கிணற்றைச் சொந்தக்காரர்தான் முறையாக அடைக்க வேண்டும். அடியிலிருந்து மேல்வரை சீமெந்து நிரப்பி, இரும்புக் குழாயை நிலத்துக்குக் கீழே வெட்டி, தகடு வைத்து ஒட்டி, மேலே மண் மூடி, கலப்பை தட்டாமல் போகிற மாதிரி விடவேண்டும். அவர் அடைக்காமல் போனால் அந்தப் பொறுப்பு எனக்கும், எனக்குப் பிறகு பிள்ளைக்கும் சுற்றிக்கொண்டு வரும் என்றார் சட்டத்தரணி. எண்ணெய் வேண்டாம் என்று மட்டை பிடித்த பிள்ளையின் தலையில் ஒரு எண்ணெய்க் கிணறு!

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு ஏலக்கூடிய நேரத்தில அதை மூடிவிடுவம்" என்றேன்.

அவர் செய்தியின் சத்தத்தைக் கூட்டினார். இன்னொரு நாள் கேட்டேன். "பேந்து பாப்பம்" என்றார். மூன்றாம் முறை நான் சத்தம் போட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

ஊரில் இவருடைய வீட்டு வளவில் ஒரு கிணறு உப்பாகிவிட்டதாம். பயனில்லை என்று அவருடைய தகப்பனார் ஆள் பிடித்துக் கல்லும் மண்ணும் போட்டுத் தூர்த்துவிட்டார். ஊரில் கிணறு தூர்ப்பதென்றால் அதற்கு மூச்சுவிட ஒரு குழாயை மேலே நீட்டி வைத்துவிட்டுத்தான் தூர்ப்பார்கள். தகப்பனார் படித்த மனிதர், அதெல்லாம் விசர்க்கதை என்று வைக்கவில்லை. அடுத்த மாரிக்குள் வீட்டின் மூத்த மகன், இவருடைய அண்ணன், காய்ச்சல் வந்து போய்விட்டார். கிணறு தன்னுடைய மூச்சுக்குப் பதிலாக வீட்டுப் பிள்ளையின் மூச்சை எடுத்துக்கொண்டது என்று ஊர் சொன்னது. அப்போது இவர் சின்னப் பிள்ளை. தாய் அந்தத் தூர்த்த இடத்தில் குந்தியிருந்து கையால் மண்ணைக் கிளறியதை இவர் பார்த்திருக்கிறார்.

மொன்றியலிலேயே இருக்கிற அவருடைய அக்காவும் எடுத்துச் சொல்லியிருக்கிறா. "தம்பி, என்ன செய்தாலும் கிணத்தை மட்டும் தூர்க்காதை. உனக்கு இருக்கிறது ஒண்டு."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. நிலத்துக்குள் எத்தனையோ தட்டுக் கல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கணக்குப் பார்த்துச் சொல்லக்கூடிய மனிதர் இவர்.

"அது ஊர்க் கிணறு. இது ஒன்ராறியோக் கிணறு. இதுக்கு எங்கட வழக்கம் ஒண்டும் தெரியாது" என்றேன்.

"நக்கல் அடியாதையும். எனக்கு ஒரே ஒரு பிள்ளை."

"எனக்கு எத்தினை எண்டு நினைச்சீங்கள்?"

மூடாவிட்டால் பிள்ளைக்குக் கூடாது என்று நான் நின்றேன். மூடினால் பிள்ளைக்குக் கூடாது என்று அவர் நின்றார். பிள்ளையோ அறைக்குள் இருந்து யாரோடோ பிரெஞ்சில் சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

கோடை முடியும் நேரத்தில், என் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல்தான் போலும், ஒத்துக்கொண்டார். சீமெந்து வேலைக்காரரைப் பிடித்தார். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். துலாவைக் கழற்றி லொறியில் ஏற்றியபோது அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உள்ளே இருந்த குழாய்களை இழுத்தெடுத்து, அடியில் இருந்து சீமெந்தை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மேலே வரும் நேரத்தில் வேலைக்காரர் சாப்பிடப் போனார்கள். நான் வானில் சோற்றுப் பார்சலை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், இவர் முழங்காலில் நின்றபடி, காயாத சீமெந்துக்குள் ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் குழாயைச் செருகிக்கொண்டிருக்கிறார்.

"அது எங்கையும் போய்ச் சேராது. கீழை எல்லாம் சீமெந்து" என்றேன்.

"எனக்குத் தெரியாதே? ஒரு மரியாதைக்கு" என்றார்.

மேற்பார்வைக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஒரு இளம் பெண். நிலத்துக்கு மேலே முழங்கால் உயரத்துக்கு நின்ற குழாயைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். மூச்சு விட, என்றார் இவர் ஆங்கிலத்தில். அவள் வாயுவைச் சொல்கிறார் என்று நினைத்து, வாயு இனி வராது, பயப்பட வேண்டாம் என்று பொறுமையாக விளக்கினாள். வாயு இல்லை, கிணறு மூச்சு விட, என்றார் இவர் மறுபடியும். அவள் என்னைப் பார்த்தாள். நான் சோளத்தைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, அவர் மேல் இரக்கமாகவும் இருந்தது. அவள் சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. ஆனால் மேல் சீமெந்தை உடைத்து, குழாயை எடுத்து, முறைப்படி திரும்ப மூட வேண்டும், அதுவரை கிணறு மூடியதாகக் கணக்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் தொப்பியை மடியில் வைத்தபடியே வந்தார். மூட வந்தவர்களை அவர் மறுபடி கூப்பிடவில்லை. "பனி போகட்டும்" என்றார். ஆனால் அந்தப் பனி முடியும்வரை அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. காலும் வயிறும் வீங்கி, டவுன்டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். டொக்டர் எங்களை வெளியே கூப்பிட்டு, இருதயம் களைத்துவிட்டது, வசதியாக வைத்திருக்கலாம், அவ்வளவுதான் என்றார். மகள்தான் எனக்கு மொழிபெயர்த்தாள். எனக்கு முதலே விளங்கிவிட்டது. ஆனாலும் அவள் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றேன்.

பங்குனியில் நிலம் இளகத் தொடங்கியதும் நான் வேலைக்காரரைத் தாமதிக்காமல் கூப்பிட்டேன். அவருக்குச் சொன்னேன். ஒளித்துச் செய்ய மனம் வரவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. மகள்தான் கார் ஓடினாள். அவளுக்கு மூச்சுக் கதை எதுவும் தெரியாது. அப்பாவின் எண்ணெயை ஒருவழியாக நிலத்துக்குள் விடப் போகிறோம் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்திருக்கும்.

தோட்டத்துப் படலைக்குக் கிட்டப் போனதும் அவள் சப்பாத்தை மாற்றத் தொடங்கினாள்.

"நீ இறங்காதை" என்றேன்.

"ஏன் அம்மா?"

"சேறு."

"என்னட்டைப் பூட்ஸ் இருக்கு."

"சொன்னால் கேள். கார்லயே இரு."

என் குரலைக் கேட்டு அவள் அப்படியே இருந்துவிட்டாள். நான் சேற்றில் காலைப் புதைத்துப் புதைத்து நடந்தேன். வேலைக்காரர் குழாயை உடைத்தெடுத்து ஒரு பக்கம் எறிந்தார்கள். நிலத்துக்குக் கீழே இரும்பை வெட்டி, தகட்டை வைத்து ஒட்டினார்கள். நெருப்புப் பொறி அடங்கியதும் மண்ணைத் தள்ளி மூடினார்கள். அதே இன்ஸ்பெக்டர் பிள்ளைதான் வந்தாள். உன் கணவர் எப்படி என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். கடைசியில் அங்கே ஒரு கிணறு இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஈர மண் மட்டும்தான். எறிந்து கிடந்த குழாயை ஏனோ எடுத்துக்கொண்டு வந்து காரின் பின்பக்கத்தில் போட்டேன்.

அடுத்தநாள் பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகள் கார் நிறுத்தப் போயிருந்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கிடந்தார். மூக்கில் ஒட்சிசன் குழாய் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் கதைத்தேன்.

"முடிஞ்சுதோ?" என்றார்.

"ஓம்."

"குழாய்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவரோடு இத்தனை வருடம் சண்டை பிடித்திருக்கிறேன், பொய் சொன்னதில்லை. "இல்லை. முழுக்க மூடியாச்சு" என்றேன்.

முகத்தை என் பக்கம் திருப்பினார். "பிள்ளை கிட்ட வந்ததோ?"

"இல்லை. கார்லதான் இருந்தவள். கால் நிலத்தில படேல்லை."

"ஆற்றை பேரில மூடினது?"

"உங்கட பேரிலதான். கிணறு உங்கட பேரிலதானே இருக்கு."

அவருடைய முகம் இளகியது. அந்த மாரி முழுக்க நான் காணாத முகம். முதல் தடவை அந்தச் சோளத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து நின்றாரே, அந்த முகம்.

"அப்ப சரி" என்றார். "அது என்னட்டைத்தான் வரும்."

மகள் கோப்பியோடு உள்ளே வந்தாள். அவர் அவளைப் பார்த்து, "பிள்ளை சாப்பிட்டதோ?" என்று கேட்டார்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தியே அவர் போய்விட்டார். மண்டபத்தில் ஷேக் என்று கூப்பிட்ட அதே ஆட்கள்தான் பெட்டியைத் தூக்கினார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இனி ஆரைப் பகிடி பண்ணுறது என்று விம்மினார். மச்சாள், அதுதான் அவருடைய அக்கா, எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, "நான் சொன்னனான். கேட்டீங்களே? மூடின கையோடை என்ர தம்பியைக் கொண்டு போட்டுது" என்று தலையில் அடித்துக்கொண்டா. மச்சாள் சொன்னதைக் கேட்க அவர் உயிரோடு இருந்திருந்தால் ஓம் என்று தலையாட்டியிருப்பார், சந்தோசமாக. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்த பிறகு மகள் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜாம் போத்தலைத் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள். காரின் பின்பக்கத்தில் கிடந்த குழாயையும் கண்டிருக்கிறாள். மச்சாள் சொன்ன கதையும் எப்படியோ அவளுக்கு எட்டியிருக்கிறது. குசினி வாசலில் வந்து நின்றாள். எங்களோடு தமிழில் பிரெஞ்சைக் கலந்து கதைக்கிறவள், அன்றைக்குத் தட்டித் தடவி முழுக்கத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, அப்பா அதை உண்மையா நம்பினவரோ?"

"ஓம்."

"நீங்கள்? நீங்கள் நம்பேல்லைத்தானே?"

அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவளுக்கு அப்படியே அவருடைய நெற்றி.

"உன்னைக் காரை விட்டு இறங்க விட்டனானோ?" என்றேன்.